‘நான் பாக்கல’ என்று சொன்ன அப்பாவு

பூமிகாவைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பங்க் ராக் பாடகி, கும்மிடிப்பூண்டியின் கோபம், தொழிலாளி வீட்டு இடிமுழக்கம் என்று ஆளாளுக்கு ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள். கட்டட்டும், எனக்கென்ன. ஆனால் அவள் அப்பன் அப்பாவுவைப் பற்றி ஒரு ஆளும் நாலு வரி எழுதவில்லை. எழுதின ஒருவரும் "அநீதியைப் பார்த்தும் வாய் திறக்காத தந்தை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த காலையில் வந்த ஆத்திரத்தில் பேப்பரைச் சுருட்டிச் சாக்கடையில் வீசினேன். அது கடைப் பேப்பர் என்று டீக்கடைக்காரர் என்னைப் பிடித்துத் திட்டினார். அவர் திட்டினது நியாயம்தான்.

நான் துளசிராமன். பூமிகாவின் ‘நான் பாக்கல’ பாட்டில் வருகிற துளசி மாமா நான்தான். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம்; நடுவில் இருந்த மூன்றும் மெஷினோடு போய்விட்டன. இப்போது அதே கம்பெனியில் கேட்டில் உட்கார்ந்து லாரிகளுக்குப் பாஸ் எழுதுகிறேன், இடது கையால். என்னைத் தேடி வருகிற காலேஜ் பிள்ளைகள் முதலில் கையைப் பார்ப்பார்கள், பிறகு செல்ஃபி கேட்பார்கள். அப்பாவு எப்படிப்பட்ட ஆள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அப்பாவு பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். ஆந்திரா எல்லை என்பதால் வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு வாடை அடிக்கும். தகப்பனை நைனா என்பார்கள், காசை டப்பு என்பார்கள். கொஞ்சம் நெல் நிலம் இருந்தது; பங்கு போட நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். நிலத்தை அண்ணன்களிடம் விட்டுவிட்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்து இறங்கினான். கார், லாரிக்கு வேண்டிய தகடுகளை அடித்து வளைக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பிறகு பெர்மனென்ட் ஆனான். நான் அடுத்த வருடம் சேர்ந்தேன். மூன்று வயது மூத்தவனை அண்ணன் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் கத்திக் கூப்பிடும்போது மரியாதை எல்லாம் காதில் விழாது, அதனால் பெயரோடு நின்றுவிட்டது.

முப்பத்தைந்து வருடம் பிரஸ் ஓட்டினான். மெஷின் அடிக்கிற ஒலி கொஞ்சம் மாறினாலே உள்ளே அச்சு தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவான். சூப்பர்வைசர் நம்பமாட்டார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். அதற்காக அவனை யாரும் பாராட்டியதில்லை, அவனும் எதிர்பார்த்ததில்லை. காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள், வைத்துக்கொள்ள மாட்டான். வைத்தால் மெஷின் பேசுவது கேட்காது என்பான். கடைசியில் இடது காது முழுக்கப் போனது, வலது காது அரைகுறை. நாம் நாலு தடவை சொன்னால் ஒரு தடவை புரியும். ஆனால் மனிதர் முகம் வாடினால் நாம் சொல்வதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிடும்.

விபத்து 2007-ல். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

பிரஸ் மெஷினில் இரண்டு பச்சைப் பட்டன் இருக்கும், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற எடை கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை அச்சுக்குள் போகாது என்பது கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு கையையும் எடுத்து எடுத்து வைத்தால், போர்டில் எழுதியிருக்கிற டார்கெட்டை எந்தக் காலத்திலும் தொட முடியாது. அதனால் நாங்கள் என்ன செய்வோம் என்றால், ஒரு பட்டனை அமுக்கி அதன் இடுக்கில் ஒரு மரக்கட்டையைச் சொருகிவிடுவோம். ஒரு கை பட்டனில், ஒரு கை தகடு வைக்க. சிப்காட்டில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாதா? தெரியும். டார்கெட் ஏறினால் அவர் கண் அந்தப் பக்கம் திரும்பாது, ஆடிட் வருகிற அன்று மட்டும் "கட்டய எல்லாம் எடுத்துடுங்கப்பா" என்பார்.

அன்று சாயங்கால ஷிப்ட். நான் கட்டை சொருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். தகடு கோணலாக உட்கார்ந்தது, நேராக்க வலது கையை உள்ளே விட்டேன், இடது கை பழக்கத்தில் பட்டனை அமுக்கிவிட்டது. அவ்வளவுதான். எனக்கு முதலில் வலிக்கவே இல்லை. பக்கத்து மெஷினிலிருந்து அப்பாவு ஓடி வந்தான். மெயின் ஸ்விட்சை அணைத்தான், தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றினான். பிறகு ஒரு காரியம் செய்தான். எல்லோரும் ஓடி வருவதற்குள் பட்டனில் இருந்த கட்டையைப் பிடுங்கித் தன் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மயக்கத்துக்குப் போகும் முன் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

பிறகு கம்பெனி விசாரணை வைத்தது. துளசிராமன் பட்டனில் கட்டை சொருகினானா என்று மேனேஜ்மென்ட் அப்பாவுவைக் கேட்டது. ஆமாம் என்றால் பாதுகாப்புச் சாதனத்தைக் கெடுத்தேன் என்று என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மூன்று விரலும் போய் வேலையும் போனவனுக்கு வேறு எந்தக் கம்பெனி கேட்டைத் திறக்கும்? அப்பாவு சொன்னான்: "நான் பாக்கல."

யூனியன் பக்கம் ஆதிநாராயணன் என்று ஒரு செயலாளர். மெஷின் தானாக இறங்கியது, மெயின்டனன்ஸ் சரியில்லை என்று சாட்சி சொல் என்றார் அவர். சொன்னால் கம்பெனி மேல் வழக்குப் போடலாம். ஆனால் மெஷின் தானாக இறங்கவில்லை. அப்படிச் சொன்னால் மாட்டிக்கொள்வது மெஷினைப் பார்த்துக்கொண்ட பிட்டர். அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. அப்பாவு அவரிடமும் அதையேதான் சொன்னான். மூன்றாவது தடவை எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவது தடவையும் அதேதான்.

யார் மேலும் குற்றம் நிற்கவில்லை. எனக்குக் கேட்டில் வேலை கொடுத்தார்கள். அப்பாவுவுக்கு ஆதிநாராயணன் ஒரு பெயர் வைத்தார்: ஊமை. கேன்டீனில், ஷிப்ட் பஸ்ஸில், கல்யாண வீட்டில் எங்கும் ஊமை அப்பாவு. கம்பெனிக்குப் பயந்து நண்பன் விரலுக்குக்கூட வாய் திறக்காதவன் என்று சொன்னார்கள். அவன் ஒரு தடவையும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அவன் மறுத்தால் என் வேலை போகும், நான் மறுத்தாலும் என் வேலைதான் போகும். அவன் எனக்காகச் சும்மா இருந்தான், நானும் எனக்காகவே சும்மா இருந்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டையைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சு நடந்ததில்லை.

பூமிகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை ஊமையன் பொண்ணு என்றார்கள். கேலி செய்தவளின் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டு வந்து அப்பனைக் கேட்டாளாம், நீ நிஜமாகவே பார்க்கவில்லையா என்று. இவன் அவளுக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு அந்தப் பெண் அப்பனோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சென்னையில் இன்ஜினியரிங் படிக்கப் போனாள். படித்தது ஒன்று, பிடித்துக்கொண்டது கிட்டார். நாலு பேர் சேர்ந்து ஒரு மியூசிக் பேண்ட் ஆரம்பித்தார்கள். 2018-ல் அந்தப் பாட்டு வந்தது.

முதல் தடவை கேட்டபோது, யாரோ தகரக் கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. நடுவில் அவள் கத்துகிறாள்:

மூணு வெரலு தரையில வுழுந்துச்சி
பாத்தியா நைனா பாத்தியா

உடனே கூட்டம் மொத்தமும் திருப்பிக் கத்த வேண்டும்: "நான் பாக்கல, பாக்கல, பாக்கல." பெங்களூரில் கத்தினார்கள், ஷில்லாங்கில் கத்தினார்கள், தமிழ் ஒரு எழுத்து தெரியாத ஜெர்மனிக்காரர்கள் கத்துகிற வீடியோகூட இருக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம்ம ஊர்ப் பெண், நம்ம பேச்சில் ஒரு எழுத்தை மாற்றாமல், இன்னாவை என்ன என்று ஆக்காமல், அவ்வளவு பெரிய மேடையில் நின்று கேள்வி கேட்கிறாள். டார்கெட் போர்டைப் பற்றி ஒரு பாட்டு, கான்ட்ராக்ட் ஆளுக்கு பஸ்ஸில் சீட் இல்லாததைப் பற்றி ஒரு பாட்டு. எங்களைப் பற்றிப் பாட அதற்கு முன்னால் யார் வந்தார்கள்? அதில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

குறை வேறு இடத்தில். பிரஸ் மெஷின் ஓசையைக் கேட்டே வளர்ந்தாள், அதுதான் அவள் தாளம் என்று எழுதுகிறார்கள். சுத்தப் புளுகு. கம்பெனிக்குள் குடும்பத்தை விடுவது வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூஜைக்கு. அன்று மெஷின் எல்லாம் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு இருக்கும். அவள் ஏழு வயதில் வந்து பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஓடுகிற பிரஸ்ஸை அந்தப் பெண் இன்றுவரை கேட்டதில்லை. அவளும் ஒரு பேட்டியிலாவது அதைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. தொழிலாளிகளின் குரல் என்றால் தலையாட்டிக்கொள்கிறாள். மேடையில் எச்சில் துப்புகிறாள், கேமராக்காரரைத் தள்ளிவிடுகிறாள், அதையும் புரட்சி என்கிறார்கள். எச்சில் துப்பினால் அது எச்சில்தான்.

ஆனால் நான் யோக்கியமா? அதுவும் இல்லை. பாட்டு பிரபலமானதும் என் பெயரும் பிரபலமானது. துளசி மாமா என்று பேர் போட்ட டி-ஷர்ட் வந்தது. முதலில் பயத்தில் வாயை மூடினேன். பிறகு ருசி கண்டுவிட்டு மூடினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இதில் எனக்குத் தாங்க முடியாமல் போனது அப்பாவுவின் பெருமைதான். போனில் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டுவான். அவனையே கிழிக்கிற பாட்டை அவனே காட்டுவான். ஒருநாள் பொறுக்காமல், உன்னை ஊர் ஊராகத் திட்டுகிறாளே, உனக்கு ரோஷமே கிடையாதா என்று கேட்டேன்.

"வேற எந்தப் பாட்டும் எனுக்கு சரியா கேக்கறதில்ல துளசி. எம் பொண்ணு பாடுறதுதான் நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டான்.

இந்த வருடம் மே மாதம் யூனியன்காரர்கள் பாதுகாப்புக் கூட்டம் என்று மைதானத்தில் மேடை போட்டார்கள். பூமிகா முதல் தடவையாகச் சொந்த ஊரில் பாடுகிறாள். ஆதிநாராயணனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஊமையன் பொண்ணு இப்போது அவருக்கு "நம்ம பொண்ணு". ‘நான் பாக்கல’ பாட்டுக்கு முன்னால் என்னை மேடையில் ஏற்றி, என் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நான் சரி என்றேன். சொல்லிவிட்டு நான்கு நாள் தூக்கமில்லை. பெண் என் கையைத் தூக்குவாள், அப்பன் கீழே உட்கார்ந்து பார்ப்பான், ஊர் மொத்தம் அவனைத் திரும்பிப் பார்த்துப் "பாக்கல" என்று கத்தும். அதைச் செய்துவிட்டு மறுநாள் நான் அவன் வீட்டில் எந்த மூஞ்சியோடு டீ குடிப்பது?

கூட்டத்தன்று மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். பூமிகாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அப்பாவு பழவேற்காட்டு இறால் வாங்கி வந்து பேண்ட் ஆட்களுக்கு அவனே பரிமாறிக்கொண்டிருந்தான். போன வருடம் ரிட்டயர் ஆனதிலிருந்து சமையலும் கற்றுக்கொண்டிருக்கிறான். பூமிகா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, இந்த மனிதரால்தான் நான் பாட வந்தேன் என்று தன் டிரம்ஸ்காரப் பெண்ணிடம் சொன்னாள். சொன்ன வேகத்தில் கண் கலங்கிவிட்டாள். இறால் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவு கோழை நான்.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தவர்கள் ஒரு பக்கம், சென்னையிலிருந்து ரயிலேறி வந்த பிள்ளைகள் ஒரு பக்கம். அப்பாவு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். நான்கு பாட்டு முடிந்தது. ஆதிநாராயணன் என் பெயரைச் சொன்னார். கைதட்டல் அடங்கவே நேரமானது. பூமிகா என் கையைத் தூக்கினாள். மைக்கில் வணக்கம் மட்டும் சொன்னால் போதும் என்று ஆதிநாராயணன் என் காதில் சொன்னார்.

வணக்கம் சொன்னேன். கீழே அப்பாவு என்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பூரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"மெஷின் மேல தப்பு இல்ல" என்றேன். "பட்டன்ல கட்ட சொருவுனது நான்தான். அப்பாவு பாத்தான். எனுக்கு வேல பூடும்னு பாக்கலன்னு சொன்னான். அவன ஊமன்னீங்க. பதினேழு வருஷமா ஊமையா இருந்தது நானு."

பூமிகா என் கையை விட்டாள். ஆதிநாராயணன் மைக்கைப் பிடுங்க வந்தார். அவருக்கு முன்னால் அப்பாவு மேடை ஏறிவிட்டான். அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஏறியதைப் பார்த்தால், அன்று மெஷினுக்கு ஓடி வந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். என் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"இவன் ஒளர்றான். வெயில்ல கேட்ல குந்திக்கினு தல சுத்திக்கிச்சி இவனுக்கு. நான் ஒண்ணும் பாக்கல."

பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, பின்னால் நின்ற பிள்ளைகள் "பாக்கல, பாக்கல" என்று எடுத்தார்கள். பூமிகா ஒரு கையைத் தூக்கினாள். சத்தம் நின்றது. கூட்டத்தை எழுப்புவதைத்தான் அவளிடம் பார்த்திருக்கிறேன், அடக்குவதை அன்றுதான் பார்த்தேன். அப்பன் எதிரில் வந்து நின்று, "நைனா, நெஜத்த சொல்லு, நீ பாத்தியா?" என்று கேட்டாள். ஆறு வருடமாக மேடை மேடையாகக் கேட்ட கேள்விதான். நேரில் அவனைக் கேட்டது பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அன்றுதான்.

அப்பாவு மைக்கை உள்ளங்கையால் மூடினான். மூடினதாக அவன் நினைப்பு. பிரஸ்ஸில் கத்திப் பேசிப் பழகியவனுக்கு ரகசியம் பேசவும் வராது. அவன் மகளிடம் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"சும்மா இரும்மா. போனெல்லாம் புடிச்சிக்கினு கீறாங்கோ. அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் கீது."

பிறகு கம்பெனி எனக்கு மெமோ கொடுத்தது, நான் பதில் எழுதினேன், அதெல்லாம் என் பாடு, நான் பார்த்துக்கொள்வேன். கட்டை சொருகாமல் தொட முடியாத அளவுக்கு டார்கெட் ஏற்றியது யார் என்றும் அந்தப் பதிலில் எழுதியிருக்கிறேன். பூமிகா திட்டின திட்டெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். இங்கே நான் சொல்ல வேண்டியது மேடையில் நடந்ததை மட்டும்.

ஊமை என்று பெயர் வைத்த ஆதிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இப்படி ஒருத்தன் எனக்கு நண்பனாக இருக்கிறான் என்று நெஞ்சு விம்மியது. வெட்கமும் அதற்குக் குறையாமல் இருந்தது.

பூமிகா கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். அப்பனைக் கேட்டாள்: "ஆறு வருஷமா ஊர் ஊரா போயி உன்ன திட்டிக்கினு கீறனே. எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல நைனா?"

அப்பாவு மகளைப் பார்த்தான். என்ன கேட்கிறாள் இவள் என்பது போலக் கொஞ்சம் யோசித்தான்.

"பாட்டு நல்லா இருந்துச்சிம்மா" என்றான். "அத்த போயி எதுக்கு கெடுக்கறதுன்னு வுட்டுட்டேன்."